ரெண்டுங்கெட்டான்

அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் வந்தது பேச்சா, பந்து பிடிப்பதா என்று கேட்டால், அம்மா யோசிக்காமல் பந்து என்பாள். அப்பா நாட்டு அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர். புதுப் பந்தை மட்டையின் நடுவில் வாங்கிக் காலடியிலேயே விழ வைத்து, பந்து போடுகிறவனுக்குச் சலிப்புத் தட்டும்வரை நிற்பார். மூத்த மகன் வேகப்பந்து. அவன் பின்கட்டில் ஓடிவரத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். வீட்டில் அவனைப் பெரியவன் என்றும் தம்பியைச் சின்னவன் என்றும் கூப்பிட்டார்கள். இது சின்னவனின் கதை.

சாப்பாட்டு மேசையில்தான் அந்த வீட்டின் பேச்சு எல்லாம் நடக்கும். பேச்சு என்றால் வேறென்ன, அன்றைய ஆட்டம்தான். உப்பு டப்பா விக்கெட் கீப்பர், தண்ணீர்க் குவளை ஸ்லிப், கரண்டிகள் கவரிலும் பாயிண்டிலும் நிற்கும். அம்மா பரிமாற வரும்போது முழு ஃபீல்டிங்கையும் கலைத்துவிட்டுத்தான் தட்டு வைக்க வேண்டியிருக்கும். சின்னவனுக்குப் பதினாலு வயதிருக்கும்போது ஒருநாள் அப்பா மிளகுத் தூள் டப்பாவை நகர்த்தியபடி கேட்டார்.

"நீ என்னவா ஆகப் போற? பேட்டா, பந்தா?"

"ரெண்டும்தான்பா."

"ரெண்டும்னு ஒண்ணு கிடையாது. ஒண்ண எடு. அத ஒழுங்கா செய்."

"எனக்கு ரெண்டும் வருதேப்பா."

"ரெண்டும் வரும்னா ரெண்டுங்கெட்டான்னு அர்த்தம்" என்றார் அப்பா.

பெரியவன் சிரித்த சிரிப்பில் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. மறுநாள் அவன் அதைப் பள்ளி அணியில் சொன்னான். பள்ளியிலிருந்து கிளப்புக்குப் போயிற்று. சின்னவன் மாகாண அணிக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பட்டம் அவனுக்கு முன்னாலேயே வந்து டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்தது. வாய்க்குச் சுலபமாக 'ரெண்டு' என்று சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். வயது ஏற ஏற 'ரெண்டண்ணா' ஆனது. புதிதாக வந்த ஒரு பையன் ஒருமுறை, "ஏண்ணா, உங்க ஜெர்சி நம்பரா அது?" என்று கேட்டான்.

"இல்லப்பா. எங்கப்பா குடுத்த பட்டம்."

"படிச்சா வாங்குனீங்க?"

"நிறைய எழுதியும் பாஸாகல" என்றான் சின்னவன்.

மாகாண அணியில் அவன் ஏழாவதாக இறங்குவான். ஏழாவது என்பது ஒரு விசித்திரமான இடம். அவன் மட்டையோடு உள்ளே போகும்போது ஒன்று வீடு பற்றி எரிந்துகொண்டிருக்கும். இல்லாவிட்டால் விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தில் அவன் ஒருநாளும் போனதில்லை. பந்து வீச்சும் அப்படித்தான். காற்றுக்கு எதிர்ப்பக்கம் அவனுக்கு. சுழற்பந்தை ஒரே இடத்தில், ஒரே இடத்தில் என்று குத்திக்கொண்டே இருப்பான். அவனை அடிக்க முடியாமல் பொறுமை இழந்தவன் அடுத்த முனையில் போடுகிறவனை அடிக்கப் போய் அவுட்டாவான். விக்கெட் அடுத்தவன் கணக்கில் சேரும். மறுநாள் பேப்பரில், 'மறுமுனையில் சிக்கனமாக வீசப்பட்டது' என்று கடைசி வரியாக வரும். விளம்பரம் கூடுதலாக இருக்கும் நாட்களில் அந்தக் கடைசி வரியும் இருக்காது.

ஆட்காட்டி விரலில் தோல் வெடித்து, ஆறி, திரும்ப வெடிக்கும். சீசன் முழுக்க டீ டம்ளரை இடது கையில்தான் பிடிப்பான். முகம் கழுவும்போது அந்த ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு கழுவுவான். பார்ப்பவர்களுக்கு யாரையோ குற்றம் சொல்கிற மாதிரி இருக்கும்.

அந்த வேலையில் ஆடுகிற நேரத்தைவிட விடுதி அறையில் இருக்கிற நேரம் அதிகம். எந்த ஊர் என்றாலும் அறை ஒன்றுதான். இரண்டு கட்டில், வெந்நீர் வைக்க ஒரு மின்கெண்டி, முழுக்க மூடாத திரைச்சீலை, சுவரில் ஒரு படகுப் படம். ஆரம்ப வருடங்களில் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருந்தான். தொடக்க ஆட்டக்காரன், குறட்டை விடுவான். சின்னவன் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திட்டியிருக்கிறான். பிறகு மூத்த ஆட்டக்காரர்களுக்குத் தனி அறை என்று ஒரு மரியாதை வந்தது. தனி அறையில் முதல் தடவை படுத்தபோதுதான், அந்தக் குறட்டை தனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று தெரிந்தது. டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிடுவான். கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் தீ விபத்து வரைபடத்தைப் படிப்பான். ஊர்களின் பெயர் பின்னால் மறந்துபோனது. எந்த விடுதியில் படிக்கட்டு எந்தப் பக்கம் என்பது மட்டும் மறக்கவில்லை.

இருபத்தாறாவது வயதில் நாட்டு அணியிலிருந்து அழைப்பு வந்தது. உள்நாட்டில் ஒரு தொடர். பயிற்சியில் ஒருவனுக்கு விரல் உடைந்துவிட்டது. அவன் இடத்துக்கு வேறொருவன் இருந்தான்; கைகாவலுக்கு ஓர் ஆள் வேண்டும். அம்மா, ஏற்கெனவே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த வெள்ளை உடைகளைப் பிரித்து மறுபடி இஸ்திரி போட்டாள். அப்பா காரை வெளியே எடுத்தார். பாதி வழிக்கு மேல் போன பிறகு வாயைத் திறந்தார்.

"இது பதினோரு பேரு ஆட்டம்."

"தெரியும்பா."

"மிச்சப் பேருக்கு வேலை தண்ணி தூக்குறது. கௌரவம் பாக்காம ஒழுங்கா தூக்கு."

"சரிப்பா."

ஸ்டேஷனில் பையை இறக்கி வைத்துவிட்டு, அப்பா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அவன் தண்ணீர் தூக்கினான். கையுறை மாற்றிக் கொடுத்தான். டிரெஸ்ஸிங் ரூமில் அவனுக்கென்று அலமாரி இல்லாததால் சாமான் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஒருவனுக்குத் தொடையில் சதை பிடித்துக்கொண்டது. "ரெண்டு, உள்ள போ!" என்றார்கள். யாருடையதோ ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினான்; ஒரு சுற்றுப் பெரியது. பாயிண்டில் நின்றான். பந்து போட்டுக்கொண்டிருந்தது அண்ணன்.

பெரியவன் குட்டையாக ஒன்று போட்டான். மட்டையாளர் அதை வெட்டி அடித்தார். நன்றாக அடிக்கப்பட்ட பந்து. பவுண்டரி என்று கூட்டம் எழுந்தே விட்டது. சின்னவன் இடப்பக்கம் பாய்ந்தான். புல் முகத்தில் உரசியது. கைக்குள் ஏதோ வந்து மோதியது. எழுந்து பார்த்தபோது பந்து கையில் இருந்தது. பெரியவன் பிட்ச்சிலிருந்து நேராக அவனை நோக்கி ஓடிவந்து, இடுப்பைக் கட்டித் தூக்கி, "என் தம்பிடா! என் தம்பிடா இது!" என்று கத்தினான். சுற்றி நின்ற எல்லோருக்கும் அது தெரியும். இருந்தாலும் கத்தினான்.

ஸ்கோர்போர்டில், பிடித்தவர் என்ற இடத்தில் 'பதிலி' என்று எழுதினார்கள். விதி அப்படி. மாற்றாளாக வந்தவனுக்குப் பெயர் போடுவதில்லை. மறுநாள் பேப்பரில் படம் வந்தது: பெரியவனின் முகம் முழுசாக, வாய் திறந்து, அவன் தூக்கிக்கொண்டிருக்கிற ஆளின் முதுகு. அம்மா அதை வெட்டிக் கண்ணாடி போட்டு வைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இது பெரியவன் முகம், இது சின்னவன் முதுகு" என்று காட்டுவாள்.

விரல் உடைந்தவனுக்குப் பதிலாகப் போன ஆள் நன்றாக ஆடிவிட்டான். தொடரின் நடுவிலேயே மேலாளர் வந்து, "ரொம்ப நன்றிப்பா, காலைல உனக்கு டிக்கெட் போட்டாச்சு" என்றார். விடுதி வாசலில் அண்ணன் வந்து வழியனுப்பினான்.

"அடுத்த தொடர்ல பாக்கலாம்டா."

"பாக்கலாம்ணா."

பார்க்கவில்லை.

மாகாண ஆட்டம் ஒன்றில் பந்து தரையில் எகிறி வந்து சின்னவனின் கண்ணோரம் பட்டது. கண் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு நர்ஸ், சொட்டு மருந்து விட வந்தவள், கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கிரிக்கெட் ஆடுறேன்."

"அது சரி. வேலை?"

"அதான் வேலை."

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சின்னவனுக்கு ஒரு கண் கட்டப்பட்டிருந்தது. மறு கண்ணால் அவளைப் பார்த்தான். அவளுக்கு அவன் அப்பாவைத் தெரியவில்லை. அண்ணனைத் தெரியவில்லை. யாருடைய மகன், யாருடைய தம்பி என்று தெரியாமல் தன்னிடம் பேசிய முதல் ஆள் இவள்தான் என்று அவனுக்குத் தோன்றியது. கட்டு அவிழ்த்த பிறகும் கண் உறுத்துகிறது என்று சொல்லிக்கொண்டு இரண்டு தடவை போனான். மூன்றாம் தடவை அவளே, "கண்ணுல ஒண்ணும் இல்ல. என்ன விஷயம், சொல்லுங்க" என்றாள். மறு வருடம் கல்யாணம் ஆனது. பிறகு ஒரு மகள் பிறந்தாள்.

முப்பதாவது வயதில் அவனுக்கு ஒரு சீசன் அமைந்தது. எதைத் தொட்டாலும் நடந்தது. அந்த ஆண்டு நாட்டில் வேறெந்த ஆட்டக்காரனும் அவ்வளவு ரன்னும் அவ்வளவு விக்கெட்டும் சேர்த்து எடுக்கவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு அணி அறிவிக்கிற அன்று ஒரு பத்திரிகைக்காரர் புகைப்படக்காரரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி டீ கொடுத்தாள். ரேடியோவில் பெயர்களை வாசித்தார்கள். வாசித்து முடித்தார்கள். பத்திரிகைக்காரர் டீயின் கடைசி வாயைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டு, கேமராவை உறைக்குள் வைக்கச் சொல்லி ஜாடை காட்டினார்.

தேர்வுக்குழுத் தலைவர் பேட்டியில் சொன்னார்: "அவர் நம் உள்நாட்டு கிரிக்கெட்டின் தூண்."

"நல்லாத்தானே சொல்றாரு" என்றாள் மனைவி.

"தூண யாராவது வெளியூருக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. "வருத்தமா இருக்கா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல."

"பொய் சொன்னா கண்ண சிமிட்டாம சொல்லணும். நான் வேலை பாக்குறது கண் ஆஸ்பத்திரியில."

அன்று அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவன் வளர்ந்த வீட்டில் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தெரியும். ஆடுகிறவனைப் பற்றிப் பேச யாருக்கும் தெரியாது. மறுவாரம் பை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனான்.

அப்படிப் போய்க்கொண்டே இருந்ததில் வீடு தன் பாட்டுக்கு நடக்கப் பழகிவிட்டது. கூரை ஒழுகியது, மனைவி ஆள் பிடித்துப் பார்த்தாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தது, போனது. அவன் தொலைபேசியில் கூப்பிடும்போது எல்லாம் முடிந்திருக்கும். "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு" என்பாள். வருடங்கள் போகப் போக அவன் அவளிடம் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். ஆரம்பத்தில் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. பிறகு, எதுவும் சரியாகாமல் இருக்கும்போதே தன்னிடம் சொன்னால் என்ன என்று நினைத்தான். ஆனால் சொல்லியிருந்தாலும் அவனால் என்ன செய்திருக்க முடியும்? அவன் வேறோர் ஊரில் படகுப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெரியவனின் தோள்பட்டை முப்பத்திரண்டு வயதில் போயிற்று. அவன் வர்ணனையாளனாகி வெளிநாட்டில் குடியேறினான். அம்மா இறந்த செய்தி சின்னவனுக்கு மைதானத்தில், டீ இடைவேளையில் வந்தது. அவன் அவுட்டாகாமல் நின்றிருந்தான். காலில் கட்டியிருந்த பேடை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, அதே வெள்ளை உடையோடு பஸ் ஏறினான். பஸ்ஸில் எல்லோரும் அவன் முழங்காலில் இருந்த புல் கறையைப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டம்?" என்று கேட்டார்.

"விட்டுட்டு வந்துட்டேன்பா."

அப்பா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

நாற்பதை நெருங்கும்போது அவனை நிறுத்தினார்கள். எப்படி நிறுத்தினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் அவனைவிட இளையவர். விடுதி லிஃப்டில் இருவரும் ஏறினார்கள். கதவு மூடியதும் அவர், "ரெண்டண்ணா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். அடுத்த சீசனுக்கு நாங்க புதுப் பசங்கள வெச்சு..." என்று ஆரம்பித்தார். அடுத்த மாடியில் கதவு திறந்தது. ஒரு குடும்பம், இரண்டு பெட்டி, தூங்குகிற குழந்தையோடு உள்ளே வந்தது. பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டார். சின்னவன் குழந்தைக்கு இடம் விட்டுச் சுவரோரம் ஒட்டிக்கொண்டான். எல்லோரும் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடும்பம் இறங்கிப் போனது. கதவு மூடியது. "...வெச்சுப் பாக்கலாம்னு இருக்கோம்" என்று முடித்தார் பயிற்சியாளர்.

"சரி" என்றான் சின்னவன். வேறென்ன சொல்வது? தன் மாடி வந்ததும் இறங்கிக்கொண்டான்.

அவனுக்கு ஒரு வேலை இருந்தது. அத்தனை வருடமும் இருந்தது. விளையாட்டுக்காரன் என்று மின்சார அலுவலகத்தில் சேர்த்திருந்தார்கள். அவ்வப்போது போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆடப் போய்விடுவான். இப்போது நிஜமாகவே வேலைக்குப் போனான். புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வரவேற்றார்.

"வாங்க சார். இத்தன வருஷமா உங்களுக்குன்னு ஒரு நாற்காலி இங்க இருக்கு. நாங்க சாப்பாட்டுப் பை வெக்கிறதுக்குத்தான் உபயோகப்படுத்திக்கிட்டிருந்தோம்."

யாரோ எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டார். நாற்காலி புதிதாக இருந்தது. சுற்றியிருந்த எல்லா நாற்காலிகளும் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்தன. அவன் உட்கார்ந்தான். எதிரே ஒரு தொலைபேசி. மின்சாரம் போனவர்கள் கூப்பிடுவார்கள். தெருவையும் கம்ப எண்ணையும் கேட்டு வாங்கி லைன்மேனுக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே லைன்மேனை ஒரே பெயருள்ள வேறொரு தெருவுக்கு அனுப்பிவிட்டான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பெண்ணொருத்தி வந்து, அவன் மனம் நோகாதபடி மெதுவாக, "சார், கேக்கும்போது பக்கத்துல என்ன இருக்குன்னும் கேட்டுக்குங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு அவன் வயதில் பாதிதான் இருக்கும். மதியம் எல்லோரும் பழகிய கூட்டத்தோடு பழகிய மேசையில் சாப்பிட்டார்கள். கூப்பிடக் கூடாது என்றில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. அவன் ஜன்னலோரம் சாப்பிட்டான்.

வீட்டில் நிலைமை இன்னும் சிக்கல். குளியலறையில் இரண்டே கொக்கிகள். ஒன்று மனைவியுடையது, ஒன்று மகளுடையது. அவன் துண்டு எப்போதும் பயணப் பையிலேயே இருந்ததால் அதற்கென்று ஓர் இடம் யாருக்கும் தோன்றவில்லை. சமையலறையில் நின்றால், "கொஞ்சம் நகருங்க" என்றாள் மனைவி. நகர்ந்த இடத்தில் மகள், "அப்பா, ஃபிரிட்ஜ் தொறக்கணும்" என்றாள். எந்த இடத்தில் நின்றாலும் அது யாரோ ஒருவருடைய வழியாக இருந்தது. எத்தனையோ மைதானங்களில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு இங்கே தெரியவில்லை.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். மகள் காலையில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்பப்பா கிளம்புறீங்க?"

"எங்க?"

"அடுத்த மேட்சுக்கு."

"இனிமே மேட்ச் இல்லம்மா. அதான் சொன்னேனே."

"ஓ... ஆமால்ல" என்றாள். அவள் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய கேள்வி, வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகி, திரும்பி வந்து அப்பாவின் கன்னத்தை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போவான். சமைத்து வைத்துவிட்டுப் போக ஒரு அம்மாள் வருவார்; மற்றபடி அப்பா தனி. காது மந்தம். டிவியில் கிரிக்கெட் அலறிக்கொண்டிருக்கும். சில நாள் அதில் பெரியவனின் குரல் வரும். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே, "இவன் ரொம்பப் பேசுறான்" என்பார்.

அப்படி ஒரு ஞாயிறு. மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டது. திரையில் மூடுபாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அந்த அமைதியில் சின்னவனுக்குத் திடீரென்று தைரியம் வந்தது.

"அப்பா, நான் எப்படி ஆடுனேன்?"

"எந்த மேட்ச்?"

"மேட்ச் இல்ல. மொத்தமா."

"எனக்கென்ன தெரியும்? நான் ஒரு மேட்ச்கூட பாக்கலையே."

சின்னவனுக்குத் தெரியும், அப்பா மைதானத்துக்கு வந்ததில்லை என்று. முழங்கால் வலி, தூரம், வெயில் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் அவர் வாயால் அதை இவ்வளவு வெட்டவெளிச்சமாகக் கேட்பது வேறு.

"அண்ணன் ஆடுனதுக்கெல்லாம் போனீங்க."

"போனேன்."

"அப்ப முழங்கால் வலிக்கலையா?"

அப்பா ஜன்னலுக்கு வெளியேயும் பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் ஆட்டம் பாக்குறது சுலபம்டா. அவன் பந்து போடுறான். ஒரு ஓவர் போடும்போது பயப்படுவேன். அடுத்த ஓவர் வேற ஒருத்தன், அப்ப மூச்சு விட்டுக்குவேன். பேட்டிங்ல அவன் டக் அடிச்சா யாரு கேக்கப் போறா? சிரிச்சிட்டு விட்டுருவாங்க. நீ அப்படி இல்ல. பேட்டோட வருவ, அப்பவும் பயப்படணும். பந்தோட வருவ, அப்பவும் பயப்படணும். எதுல தடுக்கி விழுவன்னு தெரியாது. நாள் பூரா மைதானத்துல நிப்ப. என்னால முடியல."

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"சின்ன வயசுலயே சொன்னேன், ஒண்ண எடு, ஒண்ண விடுன்னு. நீ கேக்கல."

"பயத்துலயா ரெண்டுங்கெட்டான்னு பேரு வெச்சீங்க?"

"பேரா? நான் எங்க பேரு வெச்சேன்? ஒரு நாள் கோவத்துல சொன்னது" என்றார் அப்பா. அது தன் மகனை இத்தனை வருடம் ஊர் ஊராகக் கூப்பிட்ட பெயர் என்று அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தான். அப்பாவுக்குக் காரணம் புரியாவிட்டாலும் அவரும் கூடச் சிரித்தார். ஆனால் வெளியே வந்து தெருவில் நடக்கத் தொடங்கியதும் சிரிப்பு போய்விட்டது. கோபம் வந்தது. ஒரே ஒரு நாள் வந்திருக்கலாமே. பயந்துகொண்டாவது, கண்ணை மூடிக்கொண்டாவது, ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாமே. பஸ் வந்தது, ஏறவில்லை. நடந்தான். ஈரத் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தன. இத்தனை காலம் அந்த மனிதர் தன்னைப் பொருட்படுத்தவில்லை என்று நினைத்துக் கோபப்பட்டது ஒரு கோபம். பொருட்படுத்தியதால்தான் வரவில்லை என்று தெரிந்த பிறகு வருகிற கோபம் அதைவிடக் கனமாக இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு நனைந்துபோய் வந்து சேர்ந்தான். மனைவி துண்டைக் கொடுத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், அப்பா சொன்னதை, தான் நடந்து வந்ததை. பல வருடங்களில் முதல்முறையாக, இன்னும் சரியாகாத ஒன்றை இருவரும் பேசினார்கள்.

"நீங்க ஆடுனத நானும் பாத்ததில்லையே" என்றாள் கடைசியில்.

"உனக்கு ட்யூட்டி இருந்துச்சு."

"லீவும் இருந்துச்சு." தரையைப் பார்த்தாள். "நீங்க வான்னு கூப்பிடல. நானும் கேக்கல."

அவன் துண்டால் தலையைத் துவட்டத் தொடங்கினான்.

மறுநாள் காலையில் அவள் அடுப்படியிலிருந்து, "காலைல உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"எது இருந்தாலும் சரி."

"எது இருந்தாலும்னு ஒரு சாப்பாடு கிடையாது. என்ன பிடிக்கும், சொல்லுங்க."

அவன் நிஜமாகவே யோசித்தான். விடுதிகளில் மூடி போட்டு வரிசையாக வைத்திருந்ததை அத்தனை வருடம் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறான். பிடித்ததா என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. "தெரியலையே" என்றான். அவள் கரண்டியோடு திரும்பி அவனைப் பார்த்தாள். கண் ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டைப் பிரித்துவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கும்போது பார்க்கிற பார்வை. "சரி, ஒண்ணொண்ணா பாப்போம்" என்றாள்.

புகார்ப் பிரிவில் அவன் இப்போது தேறிவிட்டான். காற்றடிக்கிற நாட்களில் நகரமே கூப்பிடும். கத்துவார்கள், திட்டுவார்கள். அவன் குரலை உயர்த்தாமல் தெருவையும் கம்பத்தையும் பக்கத்தில் இருப்பதையும் கேட்டு வாங்குவான். மேற்பார்வையாளர் அவனைக் காலை முறைக்கு மாற்றினார். மதியத்தோடு வேலை முடியும். மனைவிக்கு அந்த வாரங்களில் மதியத்துக்கு மேல்தான் ட்யூட்டி. அவன் இறங்குகிற நிறுத்தத்தில்தான் அவள் ஏற வேண்டும். முதல் நாள் தற்செயலாகப் பார்த்துக்கொண்டார்கள். அவன் இறங்கினான், அதே பஸ்ஸில் அவள் ஏறினாள், ஜன்னல் வழியாக, "சாப்பாடு மேசையில இருக்கு!" என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவன் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டான்.

அப்படிச் சில வாரம். ஒரு நாள் அவன் இறங்கியபோது அவள் நிழற்குடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. நடத்துனர் ஏறச் சொல்லிக் கையசைத்தார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். பஸ் போய்விட்டது.

"அடுத்தது வர நேரமாகுமே" என்றான் சின்னவன்.

"தெரியும்" என்றாள். பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் உட்கார்ந்தான்.